ஊர்த் தொடக்கப் பள்ளியின் வரலாற்றை எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூறு ஆண்டு கடந்த அரசுப் பள்ளிகளில் நூற்றாண்டு விழா நடத்தும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு 2025இல் தொடங்கியதிலிருந்து, "எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் வரலாறு எழுதவேண்டும், எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். விழா மலருக்கு நாலு பக்கம் போதும் என்று வருபவர்களும் உண்டு. தாத்தா படித்த பள்ளியைப் பற்றித் தெரிந்துகொள்ள வருபவர்களும் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடக்கும் சிறிய பள்ளிகளை மனத்தில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

எங்களுடையது இரண்டு ஆசிரியர், முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளி. இதற்கு வரலாறு என்று எழுத என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கர்ணத்தையும் மணியக்காரரையும் விட்டால், பல ஊர்களில் அரசாங்கத்தோடு மக்களுக்கு இருந்த ஒரே தொடர்பு பள்ளிக்கூடம்தான். வாத்தியார்தான் கடிதம் வாசித்துக் காட்டுவார், மனு எழுதிக் கொடுப்பார். சில ஊர்களில் கிளை அஞ்சலகமும் அவர் மேசையிலேயே நடந்தது. ஊரில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட பெண் யார், எந்தத் தெருப் பிள்ளைகள் எந்த ஆண்டு முதல் உள்ளே வந்தார்கள், பஞ்ச காலத்தில் எத்தனை பேர் படிப்பை விட்டார்கள் என்பதற்கெல்லாம் வேறு எந்த ஆவணத்திலும் பதில் கிடைக்காது.

பெரிய கல்லூரிக்கு வரலாறு எழுத ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் பள்ளிக்கு ஊர்க்காரர்கள் எழுதினால்தான் உண்டு.

பள்ளி தொடங்கிய ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர்ப் பலகையில் ஒன்று இருக்கிறது, பெரியவர்கள் வேறு சொல்கிறார்கள்.

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒரு பள்ளிக்குத் தொடக்க ஆண்டு என்று ஒன்றுதான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பாடம் ஆரம்பித்த ஆண்டு ஒன்று. கல்வித் துறை அங்கீகாரம் கொடுத்த ஆண்டு இன்னொன்று. அப்புறம் போர்டு, அதாவது அன்றைய உள்ளாட்சி அமைப்பு, அதை எடுத்துக்கொண்ட ஆண்டு, சொந்தக் கட்டடம் எழும்பிய ஆண்டு. பலகை எழுதியவர் இதில் ஏதோ ஒன்றை எடுத்திருப்பார். பெரும்பாலும் அங்கீகார ஆண்டாகவோ கட்டட ஆண்டாகவோ இருக்கும்.

முதலில் பார்க்கவேண்டியது சேர்க்கைப் பதிவேடு. தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, இருப்பதிலேயே பழைய பதிவேட்டை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதன் முதல் பக்கத்தில் சேர்க்கை எண் 1 இருந்தால் நல்ல பிடி கிடைத்துவிட்டது. எண் 1க்கு எதிரே உள்ள பிள்ளை மூன்றாம் வகுப்பில் சேர்ந்ததாக இருக்கிறதா? அப்படியானால் அந்தப் பிள்ளை அதற்கு முன் எங்கேயோ படித்திருக்கிறது. அதாவது பதிவேடு பிறப்பதற்கு முன்பே பள்ளிக்கூடம் ஏதோ ஒரு வடிவில் நடந்திருக்கிறது. முதல் எண்ணே 347 என்று இருந்தால், அதற்கு முந்தைய புத்தகம் தொலைந்துவிட்டது. ஆண்டுக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளின் சராசரியைப் பார்த்தால், தொலைந்த புத்தகம் ஏறத்தாழ எவ்வளவு காலத்தை அடக்கியது என்று கணக்குப் போடலாம். அதை உறுதியான ஆண்டாக மட்டும் அச்சிட்டுவிடாதீர்கள். "சுமார்" என்று போட்டு, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

விழாவுக்கு ஒரு ஆண்டு வேண்டும் என்று ஊர் நெருக்கும். எந்த ஆண்டை எடுத்தாலும், அது எதன் ஆண்டு என்று சேர்த்தே எழுதினால் பிறகு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அதற்கு முன் இருந்த திண்ணைப் பள்ளிக்கூடத்தையும் சேர்க்கலாமா?

சான்று இருந்தால் கட்டாயம் சேர்க்கவேண்டும். வெள்ளைக்காரர்கள் வந்துதான் ஊர்ப்புறத்தில் பள்ளிக்கூடமே வந்தது என்பது சரியல்ல. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் உள்ளூர்ப் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். வந்த கணக்கைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பெண் குழந்தைகள் மிகக் குறைவாகவே படித்தார்கள் என்பதையும் அதே குறிப்பு சொல்கிறது.

அந்தப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு எழுத்தாணியால் ஓலையில் எழுதினார்கள். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்று பாடம் போகும். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். பெரியவன் சின்னவனுக்குக் கற்பிக்கும் இந்த முறையைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1797இல் அதைப் பற்றி லண்டனில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது.

உங்கள் ஊரில் யார் வீட்டில் திண்ணைப் பள்ளி நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டுக்காரர்களிடம் ஓலைச் சுவடியோ எழுத்தாணியோ இன்னும் இருக்கக்கூடும். கிடைத்தால் படம் எடுத்துச் சேருங்கள். ஆனால் அந்தத் திண்ணையில் ஏற யாருக்கெல்லாம் இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்ற கேள்வியையும் கேட்காமல் விடாதீர்கள்.

பெரியவர்கள் "போர்டு பள்ளிக்கூடம்" என்கிறார்கள். பலகையில் "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

ஒன்றேதான். நிர்வாகம் கைமாறிய கதை அது. 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று அமைத்தார்கள். ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகள் பல அவற்றின் கையில் இருந்தன. 1920இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் கல்வி வரி போடவும் அது உள்ளாட்சிகளுக்கு வழிசெய்தது. தாலுகா போர்டுகளை 1934இல் கலைத்ததும் அவற்றின் பள்ளிகள் ஜில்லா போர்டுக்குப் போயின. 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி 1960-61 வாக்கில் பஞ்சாயத்து யூனியன்கள் அமைந்தபோது, தொடக்கப் பள்ளிகள் யூனியனுக்கு வந்தன. அந்த யூனியன்தான் இன்றைய ஊராட்சி ஒன்றியம். 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். பள்ளியின் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பழைய முத்திரைகளைப் படிப்பது எளிது. ஒரு நாற்காலியின் முதுகிலோ பழைய மணியிலோ ஜில்லா போர்டின் சுருக்கெழுத்து இருந்தால், அது 1960க்கு முந்தையது.

வயதான ஆசிரியர்களிடம் 1981ஐப் பற்றித் தனியாகக் கேளுங்கள். அதற்கு முன் சம்பளத்துக்காக யூனியன் அலுவலகத்தில் காத்துக் கிடந்ததையும், இடமாற்றத்துக்கு யார் யாரிடம் போய் நின்றார்கள் என்பதையும் அவர்கள் சொல்வது எந்த அரசாணையிலும் இருக்காது.

எங்கள் பள்ளி உதவி பெறும் பள்ளி. கதை வேறா?

வேறுதான். ஆங்கிலேய ஆட்சியின் கல்விக் கொள்கையை வகுத்த 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் கொடுக்கும் வழியைத் திறந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மிஷன்கள், மடங்கள், ஊர்ச் சங்கங்கள், வசதியுள்ள தனி மனிதர்கள் எனப் பலரும் பள்ளி நடத்தினார்கள். சில இடங்களில் ஆசிரியரே நிர்வாகி. தன் நிலத்தில் கொட்டகை போட்டுப் பள்ளி நடத்தி, மானியத்தை வைத்துக் குடும்பத்தையும் ஓட்டினார்.

மிஷன் பள்ளி என்றால் உங்களுக்கு ஒரு வசதி: திருச்சபைகள் காகிதத்தைப் பத்திரப்படுத்தும் பழக்கம் உள்ளவை. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷன் 1706இல் வந்த காலத்திலிருந்தே அறிக்கை எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்தார்கள். மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டால் பள்ளி வாரியாக ஆண்டறிக்கை கிடைக்க வாய்ப்புண்டு. தனியார் பள்ளி என்றால் நிர்வாகியின் வாரிசுகளைத் தேடிப் போகவேண்டும்.

பெயரில் "ஆதி திராவிடர் நல" என்றோ "கள்ளர்" என்றோ இருந்தால் அது மூன்றாவது வழி. ஆங்கிலேய ஆட்சியின் தொழிலாளர் துறை, ஒடுக்கப்பட்ட மக்களுக்காகத் தொடங்கிய பள்ளிகளின் தொடர்ச்சிதான் இன்றைய ஆதி திராவிடர் நலப் பள்ளிகள். மதுரை வட்டாரத்தில் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கெடுபிடிக்குள் இருந்த கள்ளர் சமூகத்துக்காக ஏற்படுத்தியவை கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். இவற்றின் கோப்புகள் கல்வித் துறையிடம் தேடினால் கிடைக்காமல் போகலாம். நலத் துறைப் பக்கம் கேளுங்கள்.

சேர்க்கைப் பதிவேட்டில் பெயரும் தேதியும்தானே இருக்கும்? அதில் என்ன வரலாறு?

என் மட்டில், பள்ளி வரலாற்றில் முக்கால் பங்கு அதில்தான் இருக்கிறது. தலைமையாசிரியர்களின் பெயர்ப் பட்டியலைப் பளிங்குக் கல்லில் செதுக்கி வைக்கிறோம். பள்ளிக்கூடம் யாருக்காக நடந்ததோ அந்தப் பிள்ளைகளின் பட்டியல் பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறது.

ஒரு பக்கத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். சேர்க்கை எண், சேர்ந்த தேதி, பெயர், பிறந்த தேதி, தந்தை அல்லது பாதுகாவலர் பெயர், அவர் தொழில், ஊர், சாதி, சேர்ந்த வகுப்பு, விலகிய தேதி, விலகிய காரணம் என்று கட்டங்கள் போகும். புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும். மையின் நிறமும் கையெழுத்தும் மாறும் இடத்தில் தலைமையாசிரியர் மாறியிருக்கிறார் என்று கொள்ளலாம். சேர்ந்த தேதிகள் ஜூனிலும் விஜயதசமியை ஒட்டியும் குவிந்திருக்கும். தந்தையின் தொழில் கட்டத்தில் "விவசாயம்", "கூலி" என்று வந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு நாள் "மில் வேலை" என்றோ "டிரைவர்" என்றோ வருகிறது. ஊருக்கு வெளியே வேலை பிறந்த ஆண்டு அது. "பாதுகாவலர்: தாய்மாமன்" என்று இருக்கும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்பா இல்லாத பிள்ளையாக இருக்கலாம், பெற்றோர் பிழைப்புக்கு வெளியூர் போயிருக்கலாம்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது கடைசிக் கட்டம். "ஐந்தாம் வகுப்பு முடித்து" என்பது நல்ல செய்தி. "நீண்ட நாள் வராமை" என்று தலைமையாசிரியர் எழுதிப் பெயரை அடித்திருந்தால், அந்தப் பிள்ளை எந்த வகுப்பில் நின்றது, எந்த மாதத்தில் நின்றது, ஆணா பெண்ணா என்று பாருங்கள். பத்து ஆண்டுக்குரிய பெயர்களை ஒரு நோட்டில் ஆண், பெண் என்று பிரித்து, சேர்ந்தவர் எத்தனை, ஐந்தை முடித்தவர் எத்தனை என்று எண்ணுங்கள். பெண் பிள்ளைகள் முதல் வகுப்பில் சேர்ந்து மூன்றாம் வகுப்புக்குள் காணாமல் போவதும், பிறகு எந்தக் காலத்தில் அந்தக் கணக்கு மாறுகிறது என்பதும் உங்கள் கண்முன் தெரியும். ஒரு ஊரில் பெண் கல்வி வந்த கதையை இதைவிட நேர்மையாக யாரும் சொல்லமுடியாது.

இந்த எண்ணும் வேலையை ஊரில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம் கொடுங்கள். தன் பாட்டி பெயரைப் பதிவேட்டில் பார்த்த பிள்ளை அந்தப் புத்தகத்தைச் சும்மா மூடிவைக்காது.

பழைய பதிவேட்டில் பாதிப் பேர் மே, ஜூன் மாதத்தில் பிறந்ததாக இருக்கிறதே?

நாடு முழுவதற்குமான பிறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969இல். அதன்பிறகும் ஊர்ப்புறத்தில் அது பழக்கமாக வெகுகாலம் ஆனது. வலக்கையைத் தலைக்குமேல் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்தது என்று கணக்கு. ஜூனில் சேர்க்க வசதியாக ஒரு தேதியை வாத்தியாரே போட்டுவிடுவார். ஆகவே பிறந்த தேதியை வரலாற்றுச் சான்றாக எடுக்காதீர்கள். சேர்ந்த தேதியை நம்பலாம்.

சாதிக் கட்டத்தை என்ன செய்வது? வெளியிடலாமா?

தனி ஆளின் பெயரோடு சாதியைச் சேர்த்து ஒருபோதும் வெளியிடக்கூடாது. பதிவேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அப்படியே மலரில் போடுவதும் கூடாது. அதில் இருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள்.

ஆனால் ஆய்வுக்கு அந்தக் கட்டம் மிக அவசியம். உங்கள் பள்ளியில் ஒடுக்கப்பட்ட தெருவிலிருந்து முதல் பிள்ளை எந்த ஆண்டு சேர்ந்தது? பள்ளி நடந்த இடம் எது: கோயில் மண்டபமா, அக்ரகாரத்து வீடா, ஊர்ச் சாவடியா? அந்த இடத்துக்குள் எல்லோரும் நுழைய முடிந்ததா? பள்ளி பொது இடத்துக்கு மாறிய ஆண்டையும் புதிய தெருப் பெயர்கள் வரத் தொடங்கிய ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரில்லாமல் ஆண்டையும் எண்ணிக்கையையும் எழுதினாலே உண்மை வந்துவிடும்.

"அதெல்லாம் எங்க ஊர்ல கிடையாது" என்று முதல் ஆள் சொல்வார். இரு பக்கமும் கேட்டுவிட்டு எழுதுங்கள். தனியாக உட்காரவைத்ததும், தனிப் பானையில் தண்ணீர் குடிக்கவைத்ததும் நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை விட்டுவிட்டு எழுதிய வரலாற்றை அவர்கள் பிள்ளைகளிடம் கொடுக்க எந்த முகத்தோடு போவது?

1953-54இல் "அரை நாள் பள்ளிக்கூடம்" நடந்ததாகத் தாத்தா சொல்கிறார். அது என்ன?

ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த திட்டம். பிள்ளைகளை இரண்டு முறையாகப் பிரித்து, ஒவ்வொரு முறைக்கும் மூன்று மணி நேரம் பாடம். மீதி நேரம் தகப்பன் தொழிலையோ ஊர்க் கைத்தொழிலையோ கற்கவேண்டும். குலக்கல்வி என்று அதை எதிர்த்துப் பெரிய போராட்டம் நடந்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அதைக் கைவிட்டார். அது நடப்பில் இருந்தது ஏறக்குறைய ஓராண்டுதான். அந்த ஓராண்டு வருகைப் பதிவேடு கிடைத்தால் பொக்கிஷம். இரண்டு முறையாகப் பெயர் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதில் படித்தவர்களுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. இந்த ஒரு கேள்வியையாவது இந்த மாதமே போய்க் கேட்டுவிடுங்கள்.

1950களின் பின்பாதியில் சேர்க்கை திடீரென்று கூடுகிறது. ஏன்?

பள்ளியில்லாத ஊர்களில் புதிய ஓராசிரியர் பள்ளிகள் திறந்த காலம் அது. 1956இல் மதிய உணவு தொடங்கியது. ஊரார் நெல்லும் காய்கறியும் விறகும் கொடுத்து நடத்தினார்கள். பிறகு அரசு பெரும்பங்கை ஏற்றுக்கொண்டது. 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் நிலம், பெஞ்சு, மணி, கடிகாரம், கரும்பலகை, சீருடை என்று மேடையிலேயே அறிவித்துக் கொடுத்தார்கள். அப்போது கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு இதை ஓர் இயக்கமாகவே ஊர் ஊராகக் கொண்டுபோனார். உங்கள் பள்ளியின் தளவாடப் பதிவேட்டில் "நன்கொடை" என்று குறித்த பொருள்கள் இந்த ஆண்டுகளில் குவிந்திருந்தால் காரணம் இதுதான். கொடுத்தவர் பெயரும் இருக்கும். பித்தளை மணியைக் கொடுத்தவர் பெயரை ஊர் மறந்திருக்கும், பதிவேடு மறக்காது.

சாப்பாட்டைப் பற்றித் தனியாக எழுதவேண்டுமா?

ஆம். பல பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததே அதற்காகத்தான், அதைச் சொல்ல யாரும் கூசவேண்டாம். 1960களில் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பின் வழியாக வந்த பால் பவுடரையும் மக்காச்சோள ரவை உப்புமாவையும் அறுபதைத் தாண்டியவர்கள் வாசனையோடு நினைவு வைத்திருப்பார்கள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அதோடு பள்ளிக்குள் சமையற்கூடம் வந்தது; அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஊர்ப் பெண்களுக்கு வேலையும் வந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

திட்டத்தின் தேதிகள் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான். உங்கள் பள்ளிக்கென்று எழுதவேண்டியது வேறு: முதலில் சமைத்தவர் யார், அவர் எந்தத் தெருக்காரர், அவர் சமைத்ததை எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சாப்பிட்டார்களா, தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது, தட்டு வீட்டிலிருந்து கொண்டுவந்தார்களா.

கட்டடத்தின் வயதை எப்படி அறிவது?

கல்வெட்டு இருந்தால் சிக்கலில்லை. இல்லாவிட்டால் கூரையைப் பாருங்கள். ஓட்டின் அடிப்பக்கத்தில் சூளையின் பெயர் பதிந்திருக்கும்; அந்தச் சூளை நடந்த காலத்தை வைத்துக் கட்டடத்தின் காலத்தை ஊகிக்கலாம். தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987இல் வந்த கரும்பலகைத் திட்டம், ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கற்பிக்கும் கருவிகள் என்று வகுத்தது. பல ஓராசிரியர் பள்ளிகள் ஈராசிரியர் பள்ளி ஆனது அதன்பின்தான். 2001க்குப் பிறகு எழும்பிய வகுப்பறைகளில் பலவும் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் பணத்தில் கட்டியவை. அதன் சின்னம் சுவரில் இருக்கும்.

2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளை அகற்றினார்கள். உங்கள் பள்ளியின் கொட்டகை மறைந்தது அந்த ஆண்டுதானா என்று கேட்டுப் பாருங்கள்.

நிலத்துக்கு வேறு வழி. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் பள்ளி இருக்கும் புல எண்ணைப் பாருங்கள். யாராவது தானமாகக் கொடுத்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் இருக்கும். வாய்மொழியாகக் கொடுத்த நிலங்களும் நிறைய உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் "இன்னார் கொடுத்தார்" என்று அச்சிடுவதற்கு முன், கொடுத்ததாகச் சொல்லும் குடும்பங்கள் எல்லாவற்றையும் விசாரியுங்கள்.

பதிவேடுகள் கரையான் அரித்துப் போய்விட்டன. இனி வழியே இல்லையா?

இருக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். இந்தப் பதவிக்கு முன்பு உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்று பெயர், அதற்கும் முன் பள்ளித் துணை ஆய்வாளர். பழைய தாள்களில் அந்தப் பெயர்களில்தான் இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியரின் பணிப் பதிவேட்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை உங்கள் பள்ளியில் இருந்தார் என்று முத்திரையோடு இருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பழைய மாவட்டக் கையேடுகள் ஊர் வாரியாகப் பள்ளி உண்டா இல்லையா என்று சொல்கின்றன. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கல்வித் துறையின் பழைய அரசாணைகளும் அறிக்கைகளும் இருக்கின்றன. போகும்போது பழைய தாலுகா, ஜில்லா பெயர்களைத் தெரிந்துகொண்டு போங்கள். இன்றைய மாவட்டப் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

அலுவலகம் கையை விரித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். "பள்ளியின் வரலாறு வேண்டும்" என்று கேட்காதீர்கள். அங்கீகார ஆணையின் நகல், இன்ன ஆண்டின் ஆய்வறிக்கை நகல் என்று ஆவணத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

வீடுகளையும் மறக்கவேண்டாம். டிரங்குப் பெட்டிகளில் பதிவுத்தாளும் மாற்றுச் சான்றிதழும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சேர்க்கை எண்ணும் தலைமையாசிரியர் கையெழுத்தும் உண்டு. முப்பது பேருடையதைச் சேர்த்தால் தொலைந்த பதிவேட்டின் எலும்புக்கூடு எழுந்து நிற்கும்.

பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது? ஆண்டு கேட்டால் குழம்புகிறார்கள்.

ஆண்டு கேட்காதீர்கள். "தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் 1964 கைக்கு வந்துவிடும். "நயா பைசா வந்தப்போ எத்தனாவது படிச்சீங்க?" என்றால் 1957. இந்தி எதிர்ப்பு என்றால் 1965. அதற்கும் முன்னால், பொருள்களைப் பற்றிப் பேசவிடுங்கள்: சிலேட்டு கல்லா தகரமா, பலப்பத்தை எங்கே வாங்கினார்கள், சிலேட்டை அழிக்க எந்த இலை. கோவை இலையில் தொடங்கும் பேச்சு தானாக வாத்தியாருக்கும் அடிக்கும் வந்து சேரும். ஒரு தாளைக் கொடுத்துப் பழைய பள்ளியின் வரைபடத்தைப் போடச் சொல்வதும் நல்ல வழி. வாசல் எந்தப் பக்கம் என்று இரண்டு பேர் தகராறு செய்தால், பள்ளி இடம் மாறியிருக்கிறது என்று பொருள்.

ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். பாதியில் நின்ற அம்மாக்களிடமும், பள்ளிக்கே வராத பாட்டிகளிடமும் "ஏன் போகல ஆத்தா?" என்று கேளுங்கள். அவர்கள் பதிலும் பள்ளியின் வரலாறுதான்.

அடித்த வாத்தியார், பணத்தகராறு போன்றவற்றை எழுதலாமா?

நடந்ததை எழுதுங்கள், ஆளைக் குறிவைத்து எழுதாதீர்கள். பிரம்படியும் முட்டிபோடுதலும் எல்லாப் பள்ளியிலும் இருந்தது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்தது. அடிக்குப் பயந்து படிப்பை விட்டவர்கள் இருந்தால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவிட்டது. அதை எழுதினால் பள்ளிக்குக் கெட்ட பெயர் வராதா?

வராது. மறைத்தால்தான் நாளைக்குப் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஊரில் பிறக்கும் குழந்தைகளே குறைந்துவிட்டன. வேலைக்காகக் குடும்பங்கள் நகரத்துக்குப் போய்விட்டன. தனியார் பள்ளி வேன் தெருமுனைக்கே வருகிறது. ஆங்கில வழிப் பிரிவு எப்போது வந்தது, அதனால் எண்ணிக்கை கூடியதா என்று பதிவேட்டைப் பார்த்தே சொல்லலாம். ஆண்டு வாரியாக எண்ணிக்கையை ஒரு அட்டவணையாகப் போட்டுவிடுங்கள்.

இதில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. எண்ணிக்கை குறைந்த பள்ளியின் வரலாற்றைத்தான் முதலில் எழுதவேண்டும். பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிட்டால் பதிவேடுகள் சாக்கில் கட்டி வேறு கட்டடத்துக்குப் போகும். இரண்டு இடமாற்றத்துக்குப் பிறகு அவை எங்கே என்று யாருக்கும் தெரியாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே வைக்கலாம்: பழைய பதிவேடுகளின் பட்டியல், எந்தப் பீரோ, யார் பொறுப்பு.

பழைய பதிவேட்டைப் பாதுகாக்க லேமினேட் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். சூட்டில் மை கெடும், பிறகு பிரிக்கவே முடியாது. செலோ டேப்பும் ஒட்டாதீர்கள். சில ஆண்டில் பழுப்பாகிக் காகிதத்தையும் தின்றுவிடும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டவேண்டாம். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில், புத்தகத்தைத் தட்டையாக வைத்து மேலிருந்து செல்பேசியில் படமெடுங்கள். அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை, வெற்றுப் பக்கத்தையும் சேர்த்து, வரிசை மாறாமல் எடுக்கவேண்டும். படங்களின் ஒரு பிரதி தலைமையாசிரியரிடம், ஒன்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில், ஒன்று ஊரில் பொறுப்பான ஒருவரிடம் இருக்கட்டும். பெயரும் சாதியும் உள்ள பக்கங்கள் என்பதால் வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம். மூலப் புத்தகத்தைப் பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாத தட்டில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள்.